ஜெனீவாவுக்கு அரை நாள் போதுமா? ஏரியிலிருந்து தொடங்கும் ஒரு விரிவான பதில்

ஜூன் மாத இறுதியில் எழுபது வயதை நெருங்கும் தாயையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து செல்வதாகவும், பயண நிறுவனம் ஜெனீவாவுக்கு அரை நாள் மட்டுமே ஒதுக்கியிருப்பதாகவும், அதை மூன்று நாட்களாக நீட்டித்தால் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சைவ உணவு, செலவு ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்நகரத்தில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயங்காமல் மூன்று நாட்களாக்கிக்கொள்ளுங்கள். அரை நாள் சுற்றுலாவில் பேருந்து மலர்க் கடிகாரத்தின் அருகே நிற்கும், தொலைவில் நீரூற்று தெரியும், ஐக்கிய நாடுகள் சபையின் வாயிலில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவீர்கள். அப்படிப் போய் வந்தவர்கள்தாம் ஜெனீவாவில் ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள். அவர்கள் அந்த ஏரியைக் கரையிலிருந்து பார்த்தார்களே தவிர, அதன் மீது ஒரு முறைகூடப் போகவில்லை.

ஜெனீவாவைப் புரிந்துகொள்ள முதலில் அதன் நீரைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியுலகம் ஜெனீவா ஏரி என்று அழைப்பதை உள்ளூர்க்காரர்கள் லெமான் என்றுதான் சொல்வார்கள். வாலே மாநிலத்தின் பனியாற்றில் பிறக்கும் ரோன் ஆறு, பிறை வடிவிலான இந்த ஏரிக்குள் கிழக்கு முனையில் கலங்கலாக நுழைந்து, ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டர் பரப்பும் 310 மீட்டர் ஆழமும் கொண்ட நீர்ப்பரப்பில் தன் வண்டலையெல்லாம் இறக்கிவிட்டு, மேற்கு முனையில், ஜெனீவா நகரின் நடுவே, பச்சை கலந்த நீல நிறத்தில் தெளிந்து வெளியேறுகிறது. ஏரிக்குள் வரும் ஒரு துளி நீர் வெளியேறச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மோன் பிளான் பாலத்தில் நின்று பார்த்தால் ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடம் காலடியிலேயே தெரியும். ஆற்றின் போக்கை நோக்கி நின்றால் இடக்கையில் பழைய நகரமும் வலக்கையில் ரயில் நிலையமும் பன்னாட்டு அமைப்புகளும் இருக்கும். இடக்கரை, வலக்கரை என்ற இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் நகரத்தில் வழி தவறாது.

தங்கும் விடுதியில் பதிவு செய்தவுடன் ஜெனீவா போக்குவரத்து அட்டையைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். விடுதிகளில் தங்குவோருக்கு இது இலவசம். தங்கும் நாட்கள் முழுவதும் நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் ஆகியவற்றுடன் மூவெத் எனப்படும் சிறிய மஞ்சள் படகுகளிலும் இதைக் காட்டிப் பயணம் செய்யலாம். மூவெத் என்றால் கடற்காகம். 1897 முதல் துறைமுகத்தின் இரு கரைகளையும் இணைத்துவரும் இப்படகுகள் சுற்றுலாவுக்கானவை அல்ல, அலுவலகம் செல்வோரும் அவற்றில் போகிறார்கள். ஆகவே முதல் நாள் காலையிலேயே வலக்கரையின் பாக்கித் துறையிலிருந்து இடக்கரையின் ஓ-வீவ் துறைக்கு ஒரு படகில் போய்விடுங்கள். ஐந்தாறு நிமிடப் பயணம்தான் என்றாலும் தண்ணீரின் மட்டத்திலிருந்து நகரத்தைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் உங்கள் தாய்க்கு நடைக் களைப்பு இல்லாமல் முழு நகரத்தின் அமைப்பும் விளங்கிவிடும்.

படகிலிருந்து இறங்கினால் அருகிலேயே ஜெ தோ என்னும் பெருநீரூற்று. நொடிக்கு 500 லிட்டர் நீர், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 140 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. எந்த ஒரு நொடியிலும் ஏறக்குறைய ஏழு டன் தண்ணீர் காற்றில் இருக்கிறது. இந்த எண்களை எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும். ஆனால் அது அழகுக்காகப் பிறந்ததன்று என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றும் செய்தி. 1886இல் ரோன் ஆற்றின் மீது ஒரு நீரழுத்த நிலையம் கட்டி, அழுத்தமேற்றிய நீரைக் குழாய்கள் வழியாகக் கைவினைஞர்களின் பட்டறைகளுக்கு அனுப்பி, அங்கிருந்த இயந்திரங்களை ஓட்டினார்கள். மாலையில் பட்டறைகள் மூடியதும் குழாய்களில் அழுத்தம் மிகுந்துவிடும். அதைத் தணிக்க ஒரு திறப்பு வைத்தார்கள். அதன் வழியே பீறிட்ட நீர்தான் முதல் ஜெ தோ. அந்தக் காட்சி மக்களுக்குப் பிடித்துப்போகவே, 1891இல் அதை ஏரிக்கு இடம் மாற்றினார்கள். இன்றுள்ள உயரத்தையும் தனி நீரேற்று நிலையத்தையும் அது 1951இல் பெற்றது. பழைய நீரழுத்த நிலையம் ஆற்றின் நடுவே இன்றும் கம்பீரமாக நிற்கிறது. இப்போது அது ஓர் அரங்கம். பலத்த காற்று வீசினாலோ உறைபனி விழுந்தாலோ ஊற்றை நிறுத்திவிடுவார்கள், ஆகவே முதல் நாளிலேயே பார்த்துவிடுவது நல்லது. அருகே செல்லும் கல் அணையில் நீர்த்துளிகள் விழுந்து வழுக்கும். உங்கள் தாய் கரையிலேயே அமர்ந்து பார்க்கட்டும். மகள் நிச்சயம் நனைந்துவிட்டுத்தான் வருவாள்.

அங்கிருந்து துறைமுகத்துக்குள் பார்த்தால் நீரிலிருந்து இரண்டு பெரும்பாறைகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். பனியுகத்தில் பனியாறு சுமந்துவந்து விட்டுப்போன அவற்றை நித்தோன் பாறைகள் என்பர். அவற்றில் ஒன்றின் உச்சியைக் கடல்மட்டத்துக்கு மேல் 373.6 மீட்டர் என்று நிர்ணயித்து, அதிலிருந்துதான் சுவிட்சர்லாந்தின் வரைபடங்களில் எல்லா மலைகளின் உயரத்தையும் கணக்கிடுகிறார்கள். நீங்கள் பிறகு பார்க்கப்போகும் ஆல்ப்ஸ் சிகரங்களின் அளவுகோல் இந்தச் சிறிய பாறை என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

பகல் வெயில் ஏறியதும் ஏரியில் இறங்கிவிட வேண்டும். ஜூன் இறுதியில் நீரின் வெப்பம் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்தான், ஆனால் தாங்கக்கூடிய குளிர். ஓ-வீவ் பக்கத்தில் 2019இல் திறந்த பொதுக் கடற்கரை போன்ற ஏரிக்கரை உண்டு, கட்டணம் கிடையாது. ஆனால் எனக்கு மனத்துக்கு நெருக்கமான இடம் எதிர்க்கரையில் உள்ள பாக்கிக் குளிப்புத்துறைதான். வெண்ணிற நீளமான அணையின் மீது 1930களின் தொடக்கத்தில் எளிமையாகக் கட்டிய அந்தத் துறையை 1980களில் இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்று நகர நிர்வாகம் நினைத்தபோது, மக்கள் அதை எதிர்த்து, 1988இல் பொதுவாக்கெடுப்பில் வென்று காப்பாற்றினார்கள். வங்கி மேலாளரும் துப்புரவுத் தொழிலாளியும் அகதியாக வந்தவரும் ஒரே பலகையில் ஈரத்துடன் அமர்ந்திருப்பதை இந்தச் செல்வ நகரத்தில் வேறெங்கும் இவ்வளவு இயல்பாகக் காண முடியாது. கோடையில் மிகக் குறைந்த நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். உணவகத்தில் அன்றாடம் ஒரு தட்டு உணவு, நகரத்தின் மற்ற இடங்களைவிடக் கணிசமாக மலிவாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் வந்தால் நீராவிக் குளியலும் உருக்கிய பாலாடைக்கட்டியும் உண்டு. குளித்து எழுந்தவுடன் உடலை நன்றாகத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாத்துகளிடமிருந்து பரவும் நுண்ணிய ஒட்டுண்ணி கோடையில் சிலருக்கு அரிப்பை உண்டாக்கும், ஆபத்தில்லை.

மாலையில் அந்தத் துறையிலிருந்து கிளம்பி வலக்கரையோரம் நடக்கலாம். கரை முழுவதும் சமதளம், ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்சு, மரநிழல். முதியவர்களுக்கு இதைவிட ஏற்ற நடைபாதை அந்நகரில் இல்லை. வழியில் கோபுரம் கோபுரமாக எழும் ஒரு கல்லறை மண்டபம் இருக்கும். பிரன்ஸ்விக் நகரத்துப் பிரபு 1873இல் இறந்தபோது தன் பெருஞ்செல்வத்தை ஜெனீவாவுக்கு எழுதிவைத்து, அதற்கு ஈடாகத் தனக்கு இத்தாலிய வெரோனா நகரத்துக் கல்லறைகளைப் போல ஒன்று கட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். நகரம் சொன்னபடி செய்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, படகுத்துறைக்கு அருகில், 1898 செப்டம்பர் 10 அன்று ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை ஓர் அரசெதிர்ப்பாளன் கூர்தீட்டிய அரத்தால் குத்தினான். காயத்தின் கடுமை தெரியாமலே அவர் நடந்துபோய்க் கப்பலில் ஏறி, அங்கே சரிந்தார். அந்தக் கப்பலின் பெயரும் ஜெனீவாதான். அது இன்றும் எதிர்க்கரையில் கட்டப்பட்டு, சிற்றுண்டிச் சாலையாகவும் வாழ்வில் நிலைகுலைந்தோருக்கு வேலை தந்து தூக்கிவிடும் அமைப்பாகவும் இயங்குகிறது. வானம் தெளிவாக இருந்தால் இந்தக் கரையிலிருந்தே தென்கிழக்கில் மோன் பிளான் சிகரம் தெரியும். அந்த மாதத்தில் கதிரவன் மறைய இரவு ஒன்பதரை மணி ஆகும். மறைவதற்குச் சற்று முன்பு சிகரத்தின் பனி ரோஜா நிறமாகும் நேரத்தில் எதிரே ஒரு பெஞ்சில் அமர்ந்திருங்கள்.

இரண்டாம் நாள் காலையைப் பழைய நகரத்துக்குக் கொடுங்கள். அது ஒரு குன்றின் மேல் இருக்கிறது, கல் பாவிய சரிவுகள் முழங்காலைச் சோதிக்கும். ஆகையால் மேலே செல்லும் பேருந்தில் ஏறிப்போய், இறங்கும்போது நடந்து வாருங்கள். செங்குத்தான சந்துகள் கூடும் பூர்-த-ஃபூர் சதுக்கத்தில் ஒரு காப்பி அருந்திவிட்டு நேரே புனித பியேர் பேராலயத்துக்குப் போகலாம். 1160இல் கட்டத் தொடங்கிய இந்த ஆலயத்துக்குள் நுழைந்ததும் அதன் வெறுமை உங்களைத் தாக்கும். சுரூபங்கள் இல்லை, ஓவியங்கள் இல்லை, பலிபீட அலங்காரம் இல்லை. 1536இல் நகரம் புராட்டஸ்டண்ட் எனப்படும் சீர்திருத்தக் கிறித்துவத்தை ஏற்றபோது அவற்றையெல்லாம் அகற்றிவிட்டார்கள். அதன் பிறகு அங்கு போதித்த ஜான் கால்வினுடையது என்று சொல்லப்படும் ஒரு மர நாற்காலி மட்டும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் வலப்புறத்துச் சிறு தேவாலயத்தின் கதவைத் திறந்தால் பொன்னும் நீலமும் சிவப்புமாக வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி, சீர்திருத்தத்தின்போது கிடங்காக்கி, பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தது அது. அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு அறைகளும் ஐரோப்பிய சமய வரலாற்றை எந்த நூலையும்விட விரைவாக விளக்கிவிடும். வடக்குக் கோபுரத்துக்கு 157 படிகள். மகளுடன் நீங்கள் ஏறுங்கள். உச்சியில் ஏரியும் நீரூற்றும் இரு கரைகளும் ஒரே பார்வையில் விரியும். பேராலயத்தின் அடியில் அகழ்ந்தெடுத்த பகுதியில் ரோமர் காலத்துக்கும் முந்தைய குடியிருப்பின் தடயங்கள் முதல் அடுக்கடுக்காகப் பார்க்கலாம், தனி நுழைவுச் சீட்டு வேண்டும்.

அருகில் உள்ள நகர மண்டபத்தின் உள்முற்றத்துக்குச் சும்மாவே போகலாம். அதன் மாடிக்குப் படிக்கட்டு கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் கல் பாவிக் கட்டிய சுழல் சரிவுப் பாதை உண்டு, அதில் குதிரையிலேயே மேலே போய்விடலாம். இந்தக் கட்டடத்தின் ஓர் அறையில்தான் 1864 ஆகஸ்ட் 22 அன்று, போரில் காயமுற்றவர்களைக் காக்கும் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்டன. அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் த்ரேய் என்னும் உலாவிடம். 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மரப்பெஞ்சு அங்கே இருக்கிறது. அதன் எதிரே உள்ள மரங்களில் ஒன்றுக்கு அரசுப் பதவியே உண்டு என்று சொல்லலாம்: அந்தக் குதிரைச் செஸ்நட் மரத்திலும் அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்த மரங்களிலும் முதல் இலை விரியும் நாளை 1818 முதல் ஆண்டுதோறும் மாநிலச் சட்டமன்றத்தின் அலுவலர் பதிவேட்டில் குறித்துவைத்து, வசந்தம் வந்ததென்று அறிவிக்கிறார். இரு நூற்றாண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தால் வசந்தம் வரவர முன்கூட்டியே வருவது தெரிகிறது. ஒரு முறை முந்தைய ஆண்டின் டிசம்பர் இறுதியிலேயே இலை விரிந்துவிட்டது. உலாவிடத்துக்குக் கீழே பஸ்தியோன் பூங்காவில் சீர்திருத்தவாதிகளுக்கு எழுப்பிய நூறு மீட்டர் நீளச் சுவர் இருக்கிறது, நடுவில் நான்கு பேருடைய சிலைகள் ஐந்து மீட்டர் உயரத்தில். பூங்காவின் வாயிலருகே தரையில் வரைந்த பெரிய சதுரங்கப் பலகைகளில் யார் வேண்டுமானாலும் ஆடலாம்; உங்கள் மகள் சதுரங்கம் ஆடுவாள் என்றால் அங்கே எதிராளிக்குப் பஞ்சமிருக்காது.

பழைய நகரத்தின் கதைகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1602 டிசம்பர் 11 இரவு அண்டை நாடான சவாயை ஆண்ட பிரபுவின் படை மதில்களில் ஏணி வைத்து ஏறியது. ஒரு வீட்டில் அடுப்பிலிருந்த காய்கறிச் சாற்றைப் பானையோடு படைவீரன் மீது கவிழ்த்துவிட்டாள் ருவாயோம் அம்மாள் என்று வழங்கும் பெண்மணி. பிள்ளைகள் பலரைப் பெற்ற தாய் அவள். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் சாக்லேட்டால் பானை செய்து, அதற்குள் பாதாம் மாவால் செய்த காய்கறிகளை நிரப்பி, கூட்டத்தில் மூத்தவரும் இளையவரும் கைகோத்து அதை உடைக்கிறார்கள். நீங்கள் ஜூனில் போவதால் விழாவைப் பார்க்க முடியாது. ஆனால் பேரன் பேத்தியோடு டிசம்பரில் போகும் வேறு யாருக்காவது இச்செய்தி பயன்படும்.

கடிகாரங்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கால்வின் காலத்துக் கட்டுப்பாடுகள் ஆடம்பர நகைகளைத் தடுத்தபோது பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினார்கள், பிரான்சிலிருந்து தப்பிவந்த சீர்திருத்தக் கிறித்துவர்கள் தங்கள் கைத்திறனைக் கொண்டுவந்தார்கள் என்பது இதன் சுருக்கம். ஆர்வம் இருந்தால் பத்தேக் பிலிப் அருங்காட்சியகத்தில் ஐந்து நூற்றாண்டுக் கடிகாரங்களைக் காணலாம். 1955இல் அமைத்த மலர்க் கடிகாரம் படகுத்துறைக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

அன்று பிற்பகல் பன்னாட்டு வட்டாரம். தமிழர்களுக்கு, குறிப்பாக ஈழத்தமிழர்களுக்கு, ஜெனீவா என்ற சொல் ஒரு நகரத்தின் பெயராக இருப்பதைவிட மனித உரிமைப் பேரவையின் பெயராகவே செய்தித்தாள்களில் இருந்துவருகிறது. பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடும். ஜூன் இறுதியிலும் வழக்கமாக அமர்வு நடக்கும். அந்நாட்களில் நேசன்ஸ் சதுக்கத்தில் உலகின் பல மக்கள் தங்கள் குறைகளைச் சொல்லப் பதாகைகளுடன் நிற்பார்கள். காணாமலாக்கப்பட்டவர்களின் படங்களை ஏந்தித் தமிழர்கள் அங்கே நின்ற நாட்கள் பல. சதுக்கத்தின் நடுவே பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கால் முறிந்த நாற்காலி நிற்கிறது. கண்ணிவெடிகளால் கால் இழந்தவர்களை நினைவூட்ட 1997இல் தானியேல் பெர்சே என்ற கலைஞர் வடித்தது. அதைப் பின்னணியாக்கிப் புகைப்படம் எடுப்பதற்கு முன் அந்தப் பொருளை மகளுக்கு விளக்கிவிடுங்கள். எதிரே உள்ள, ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகமான நேசன்ஸ் மாளிகையை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க முன்பதிவும் கடவுச்சீட்டும் கட்டாயம். நேரம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்குமென்றால் மாளிகையை விட்டுவிட்டுச் சற்று மேலேயுள்ள செஞ்சிலுவை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். முதல் உலகப் போரின் கைதிகளைத் தேடிக் குடும்பங்களுக்குத் தகவல் தருவதற்காகத் தன்னார்வலர்கள் கையால் எழுதிய அட்டைகள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஒவ்வொரு அட்டையும் ஒரு மனிதன். வெளியே வந்தபின் பேச்சே எழாது. பன்னிரண்டு வயதுக் குழந்தையை அழைத்துப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு, அழைத்துப்போய்க் கூடவே இருங்கள் என்பதே என் பதில். திரும்பும்போது ஏரிக்கரையை ஒட்டிய தாவரவியல் தோட்டம் வழியாக இறங்கினால் மனம் சற்று இளைப்பாறும். அதற்குக் கட்டணம் இல்லை.

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழிகள் உண்டு. அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் காலையில் 18ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய்ச் செர்ன் ஆய்வகத்தைப் பார்க்கலாம். தரைக்கு அடியில் ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை மோதவிடும் ஆய்வகம் அது. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை முன்மொழிந்ததும் அங்கேதான். 2023இல் திறந்த அறிவியல் வாயில் என்னும் காட்சிக்கூடம் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. ஆய்வக வளாகத்துக்குள் இந்திய அரசு 2004இல் அளித்த இரண்டு மீட்டர் உயர நடராசர் திருமேனி நிற்கிறது. துகள்கள் பிறந்தழியும் ஆட்டத்துக்கு அம்பலத்தாடுவான் உருவம் பொருத்தமானது என்ற எண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். அது வேலிக்கு உள்ளே இருப்பதால் வருகையாளர் எல்லோரும் அருகே போக முடியாது. தில்லையை நினைத்துக்கொண்டு செல்பவர்கள் இதை முன்பே அறிந்திருந்தால் ஏமாற்றம் இராது.

ஆயினும் வானம் தெளிவாக இருக்குமானால், செர்னைவிடப் படகைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 1873 முதல் இந்த ஏரியில் கப்பல் விடும் நிறுவனத்திடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் எட்டு இருக்கின்றன. அவற்றில் ஐந்து இன்றும் நீராவியில் ஓடுகின்றன. நடுத்தளத்தில் நின்று எட்டிப்பார்த்தால் எண்ணெய் மினுங்கும் உருளைத்தண்டுகள் ஏறி இறங்குவது தெரியும், சூடான எண்ணெயின் மணம் வரும். குழந்தைகளை அங்கிருந்து நகர்த்த முடியாது. இவ்வாறு செய்யுங்கள்: காலையில் ரயிலில் கால் மணி நேரத்தில் நியோன் போய், அங்குள்ள வெண்ணிறக் கோட்டையையும் ரோமர்கள் விட்டுச்சென்ற தூண்களையும் பார்த்துவிட்டு, படகில் இருபது நிமிடத்தில் எதிர்க்கரையில் பிரான்சுக்குள் இருக்கும் இவ்வார் கிராமத்துக்குக் கடந்துவிடுங்கள். பதினான்காம் நூற்றாண்டின் மதிலும் வாயில்களும் அப்படியே நிற்கும் அந்தக் கல் கிராமத்தில் வீட்டுச் சுவரெல்லாம் பூந்தொட்டிகள். மதியம் வரை அங்கே இருந்துவிட்டு, மாலைக் கப்பலில் நேரே ஜெனீவாவுக்குத் திரும்புங்கள். நகரத்தை நெருங்கும்போது முதலில் நீரூற்றின் வெண்கோடு தெரியும், பிறகு பேராலயத்தின் கோபுரங்கள், பிறகுதான் வீடுகள். போகும் முன் அன்றைய கால அட்டவணையில் எது நீராவிக் கப்பல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவிஸ் டிராவல் பாஸ் என்னும் பயணச் சீட்டு வைத்திருந்தால் கப்பலுக்கும் அதுவே செல்லும். நாட்டின் எல்லையைக் கடப்பதால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

மலை வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்டால் சலேவ் இருக்கிறது. அதுவும் பிரான்சில்தான், ஆனால் ஜெனீவாவின் மொட்டைமாடி என்றே அதைச் சொல்வார்கள். 8ஆம் எண் பேருந்தில் எல்லைவரை போய்ச் சற்று நடந்து, கயிற்றூர்தியில் ஏறினால் சில நிமிடங்களில் ஏரி முழுவதும் ஒரு பக்கத்திலும் மோன் பிளான் மறு பக்கத்திலும் இருக்கும். கரூஜ் பகுதிக்கு ஒரு மாலை போதும்; சார்டினிய அரசர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவாவுக்குப் போட்டியாகக் கட்டிய இத்தாலியச் சாயல் ஊர் அது. புதன், சனி காலைகளில் சந்தை கூடும். அங்கே போகும் 12ஆம் எண் டிராம் தடம் 1862இல் தொடங்கியது.

இனி, எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் இல்லாத, ஆனால் நான் விருந்தினர் எல்லோரையும் அழைத்துச் சென்ற ஓர் இடம். நகரத்துக்குச் சற்று மேற்கே ஜோங்ஸியோன் என்ற முனையில் ரோன் ஆற்றுடன் ஆர்வ் ஆறு வந்து கலக்கிறது. ஆர்வ் மோன் பிளான் அடிவாரத்துப் பனியாறுகளிலிருந்து நேரே இறங்கி வருவதால் சாம்பல் கலந்த பால் நிறமாக, கடுங்குளிராக இருக்கும்; ஏரியில் தெளிந்துவந்த ரோன் நீலப்பச்சையாக இருக்கும். இரண்டும் கலக்க மறுத்து, நடுவே கோடு கிழித்தாற்போல நெடுந்தூரம் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன. முனையிலிருந்து பார்ப்பதைவிட மேலேயுள்ள ரயில் பாலத்தின் நடைபாதையில் நின்று பார்ப்பது நல்லது. கோடையில் இளைஞர்கள் ரோன் ஆற்றில் மிதந்தே அங்கு வருவார்கள். நீரோட்டம் வலியது, அதைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்கிவிட வேண்டாம். பனி உருகும் ஜூனில் இரு நிறங்களின் வேறுபாடு மிகத் துலக்கமாக இருக்கும்.

செலவைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும்: ஜெனீவா உலகின் விலை மிகுந்த நகரங்களில் ஒன்று. ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பாதிக்கு மேல் இலவசம் என்பதைக் கவனியுங்கள். பணம் கரைவது உணவில்தான். கோப், மிக்ரோ ஆகிய பல்பொருள் அங்காடிகளில் ரொட்டி, தயிர், பழம், சாலட் வாங்கி ஏரிக்கரையில் உண்பதை உள்ளூர்க்காரர்களே செய்கிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தெருவோரக் குடிநீர்க் குழாய்கள் நகரெங்கும் இருப்பதால் தண்ணீர் வாங்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடிவிடும், கோர்னவேன் ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ளவை திறந்திருக்கும். சைவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஃபோந்து எனப்படும் உருக்கிய பாலாடைக்கட்டியில் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள், மரபான சுவிஸ் பாலாடைக்கட்டிகளை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் தாய் இதில் கண்டிப்பானவர் என்றால் ஃபோந்துவைத் தவிர்த்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட பாக்கி வட்டாரத்தில் தென்னிந்திய, ஈழத்து உணவு தேடினால் கிடைக்கும். ஈழத்தமிழர் நடத்தும் மளிகைக் கடைகளும் நகரில் உண்டு, வாழைப்பழமும் மிக்சரும் வாங்கிக்கொள்ளலாம். அதே வட்டாரத்திலும் நிலையத்திலும் இரவில் பையைக் கவனமாக வைத்திருங்கள். அறைக்கு அங்கே வாடகை சற்றுக் குறைவு, எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம் என்பதால் தங்குவதற்கு நான் அந்தப் பகுதியையே பரிந்துரைப்பேன். தெருவை ஒட்டிய அறை வேண்டாம் என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கோடையில் இரவு வெகுநேரம் சந்தடி இருக்கும்.

ஜூனிலும் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை தேவை. வடகிழக்கிலிருந்து பீஸ் என்னும் குளிர்காற்று திடீரென வீசினால் படகின் மேல்தளத்தில் உங்கள் தாயால் அமர முடியாது. நான்காம் நாள் பெர்ன், இன்டர்லாக்கன் பக்கம் ரயில் ஏறும்போது வலப்பக்க ஜன்னலோரத்தில் அவருக்கு இடம் பிடித்துவிடுங்கள். லோசான் வரை ஏரி விட்டுவிட்டுத் தெரிந்துகொண்டே வரும், லோசானைத் தாண்டி ரயில் மேலேறும்போது படிப்படியான திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே முழு ஏரியும் ஒரு முறை விரிந்து, சுரங்கப்பாதை வந்ததும் மறைந்துவிடும்.